எட்டு சிலிண்டர் ஊர்வலம்

சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது யாதெனில், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் கடைத்தெரு வர்த்தகர் சங்கத் தலைவர் துளசிராமன் அவர்களின் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார், ஏழு வருஷ ஓய்வுக்குப் பிறகு, வருகிற வெள்ளிக்கிழமை மாலை வீதிக்கு எழுந்தருளப் போகிறது. இதைத் துளசிராமனே தன் மளிகைக் கடை வாசலில் நின்று, உப்பு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் அவருடைய மாவு மிஷின் போட்ட உறுமலுக்கு மேல் கத்த வேண்டியிருந்ததால், தெரு முழுக்கக் கேட்டது.

"சுரங்கத்துத் தொரை ஓட்டின வண்டி. சீமைக்குப் போறப்போ என் கையப் புடிச்சுக்கினு, 'துளசி, இத்த நீதான் வெச்சுக்கணும்'னு அழுதாரு."

துளசிராமன் அதை ஏலத்தில் எடுத்ததை ஊரே பார்த்திருந்தது. ஆனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசினால் உப்புப் பொட்டலம் இளைத்துவிடும்.

"ரேடியேட்டரு ஒண்ணுதான் பாக்கி. நம்ம ராஜப்பா கையில கீது" என்று முடித்தார்.

ராஜப்பா சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மகள் சம்பங்கிக்குச் சனிக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டுப் படியைவிட்டு இறங்க மாட்டார் என்று சம்பந்தி சொல்லியனுப்பியிருந்தார். மாப்பிள்ளையிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

காரைத் தருவதாகத் துளசிராமன் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, ரேடியேட்டரை ராஜப்பா சரிசெய்து தர வேண்டும். மறுநாளே அதை ஒரு கூலியாள் தலையில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டார்.

"வண்டிய ஒருவாட்டி பாத்துடறேன் மொதலாளி" என்று கடைக்கு வந்து கேட்டான் ராஜப்பா.

"வண்டிக்கு இன்னா? ராஜா மாதிரி கீது. மூஞ்சிதான் பொக்கவாயி மாதிரி கீது. அத்த அடைச்சுக் குடு, போதும்."

"எங்கெங்க ஒழுகுது?"

"ஒழுகினா ஒழுவட்டும்ப்பா! முன்பக்கம் பளிச்சுனு இருக்கணும். அதான் முக்கியம்."

இதெல்லாம் ஒரு பேச்சா என்று ராஜப்பா நினைத்தான். வியாபாரிக்கு ரேடியேட்டரைப் பற்றி என்ன தெரியும்? ஃபோர்மேனிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, ஷிப்ட் முடிந்தபிறகு ஒர்க்‌ஷாப்பிலேயே வேலையை ஆரம்பித்தான். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்துபோன குளவிக் கூடு மூன்று இருந்தது. சுரண்டி, கழுவி, பதினொரு ஓட்டைகளுக்கு ஈயம் வைத்தான். தொட்டித் தண்ணீரில் முக்கி ஊதினான். ஒரு குமிழிகூட வரவில்லை.

கேட்டில் வாட்ச்மேன் தசரதன் மறித்தார். தங்கச் சுரங்கத்து கேட். பெற்ற பிள்ளையையே தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்.

"இத்தினி குழாய் கீதே. எதுல இன்னா ஒளிச்சு வெச்சிகிறியோ, யாரு கண்டா?"

"அண்ணே, கார் ரேடியேட்டருண்ணே. சீட்டு கீதுண்ணே."

"சீட்டு உனக்கு. கம்பி எனக்கு" என்று, குழாய் குழாயாக ஓர் இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினார். தங்கம் வரவில்லை. வைத்த ஈயம் வந்தது.

ராஜப்பா திரும்ப உள்ளே தூக்கிக்கொண்டு போனான். அடுத்த நாளும் ஈயம், தொட்டி, கேட், கம்பி. அதற்கடுத்த நாளும் அதேதான். நான்காம் நாள் கேட்டில் அவன் ரேடியேட்டரைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"முடியலண்ணே. குத்தறதுன்னா என்னைக் குத்திடுங்க. நாளைக்கு மாப்பிள அழைப்பு."

தசரதன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தை அன்று செய்தார். கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எடுத்துக்கினு போப்பா" என்றார்.

தோளில் சுமந்து, கடையை ஒட்டியிருந்த துளசிராமனின் ஷெட்டுக்குள் நுழையும்போது ராஜப்பாவின் முதுகு இரண்டாக ஒடிந்துவிடும்போல இருந்தது. கார் செக்கச்செவேல் என்று, போன வாரம்தான் பெயின்ட் அடித்த பவிசோடு நின்றது.

"அப்படி வெச்சிட்டுப் போ. நானே மாட்டிக்கிறேன்" என்றார் துளசிராமன்.

"நீங்களா? நாலு நாளு செத்துப் பொழச்சிகிறேன் மொதலாளி. ஓஸ் பைப்பு மாட்டி, தண்ணி ஊத்தி, வண்டிய ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் போவேன்."

"வாணாம்ப்பா, நீ களைச்சுப் போயிகிற..."

ராஜப்பா பானட்டைத் தூக்கினான். உள்ளே குறுக்கே ஒரு பலகை போட்டு, வைக்கோல் பரப்பியிருந்தது; அதன்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பலகைக்குக் கீழே ஷெட்டின் சிமென்ட் தரை தெரிந்தது.

"மொதலாளி... நாளைக்கு மாப்பிள எப்படி வருவாரு?"

"பின்னாலேருந்து தள்ள பன்னண்டு ஆளு சொல்லி வெச்சிகிறேன். பேண்டு சத்தத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. முன்பக்கம் ஓட்டையா இருந்தா மட்டும் உள்ள ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சிடும். அத்த அடைக்கத்தானேப்பா உன் ரேடியேட்டரு!"

ராஜப்பா அப்படியே மட்கார்டில் சாய்ந்துகொண்டான். சம்பந்தி முகம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போனது. பின்கட்டு உறுமலில் ஷெட்டின் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அப்போ இஞ்சினு?"

துளசிராமன் பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"ராகி அரைக்குது."