தீ வைக்காத சோகை

வெட்டு முடிந்த கரும்பு வயல்களில் உதிர்ந்து கிடக்கும் கரும்பு இலைச் சோகைக்கு ஊரே தீ வைத்திருக்கிறது. மஞ்சள் வெயிலில் கரித்தூள் மிதந்து வந்து என் வேட்டியில் உட்காருகிறது. இளையபெருமாளின் குத்தகை வயல் மட்டும் எரியவில்லை. அவன் காய்ந்த சோகையைச் சாலுக்குள் மிதித்து அமுக்கி, மறுபடி துளிர்க்கிற கரும்புக் கட்டைகளின் ஓரமாகச் சூப்பர் பாஸ்பேட் உரத்தைக் கை கையாக வைத்துக்கொண்டு போகிறான். தீப்பெட்டியும் கையுமாக வரப்பில் நிற்கிறாள் அவன் மனைவி அம்சம். நிலத்தை விடச் சொல்லிப் பண்ணையார் போட்ட வழக்கில் வெள்ளிக்கிழமை தீர்ப்பு. "கொளுத்திட்டு வாய்யா. இது மக்கி உரமாவுறப்ப நாம எங்க கெடக்கமோ. பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க." நான் உள்ளதைத்தான் சொல்கிறேன்: "போன வருஷம் என் மூங்கில் தடிய இந்த வரப்புல ஊனிட்டு மறந்துட்டேன். மறுநா வந்து புடுங்குனா ரெண்டு கணு கூடியிருந்துச்சு. இன்னமும் எட்டிப் புடிச்சுத்தான் நடக்குறேன்." அவள் சிரிக்கவில்லை. பக்கத்து வயலில் தீ படபடவென்று வெடிக்கிறது. இளையபெருமாள் நிமிராமலே பேசுகிறான். "சூப்பரு, யூரியா மாதிரி தண்ணியோட ஓடாதாம் அம்சம். போட்ட எடத்துலயே நிக்குமாம்." அவள் அந்தச் சாலின் கடைசி வரைக்கும் பார்க்கிறாள். "அதுக்காவது அந்தக் குடுப்பினை இருக்கே," என்கிறாள். தீப்பெட்டி மடிக்குள் போகிறது. வயலில் இறங்கிக் குனிந்து, சோகைக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு பச்சை முளையை வெளிச்சத்துக்கு எடுத்து விடுகிறாள்.