ரோட்டுக்குக் கீழே மூன்று மாடி

“அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா, சும்மா விடமாட்டேன்க்கா!”

கொடைக்கானல் டவுன் ஆபீஸிலிருந்து திரும்பிய ஜலாலுதீன், அவர்கள் திருப்பிக் கொடுத்த பிளானை டீக்கடை மேஜைமேல் வீசினான்.

அவனுடைய அக்கா பதுருன்னிசா டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. “என்னவாம்?”

“ஏரிப் பக்கம் யாரு கட்டினாலும் ரோட்டு மட்டத்துக்கு மேல ஒரு செங்கல்கூட எழும்பக் கூடாதாம். நாம பிளான் குடுத்ததுக்கு அப்புறம் போட்ட சட்டம்! நம்ம மூணு மாடி லாட்ஜ் அவ்வளவுதான்.”

மச்சான் இறந்த பிறகு, இந்த அடுப்படியிலேயே நின்று சம்பாதித்து அக்கா வாங்கிய நிலம் அது; ரோட்டிலிருந்து ஏரியை நோக்கி இறங்கும் சரிவு.

“மேல போகக் கூடாதுன்னா கீழ போவோம்” என்றாள் அக்கா.

டீ குடித்துக்கொண்டிருந்த கொத்தனார் அழகுமலை சிரித்துவிட்டார். “லாட்ஜ் கட்டணுமா, கிணறு வெட்டணுமாம்மா?”

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் வெள்ளனே அவரைச் சரிவில் இறக்கிவிட்டாள்.

மலையைப் படிப்படியாக வெட்டினார்கள். ஐப்பசி மழையில், எழுப்பிய கல்சுவர் மொத்தமும் சரிந்து விழுந்தது. பக்கத்து மனைக்காரர் தண்டாயுதபாணி, பழனியில் சத்திரம் நடத்துகிறவர், குடையோடு நின்று பார்த்தார்.

“நானே என் நாலு மாடித் திட்டத்தை மூட்டை கட்டிட்டேன். உனக்கு எதுக்கும்மா இந்த வீம்பு?”

“கல்லு இங்கதானே கெடக்கு? மறுபடி கட்டிருவோம்ங்க.”

ஐம்பத்தொன்பதாம் வருஷ சீசனுக்கு லாட்ஜ் திறந்தது. ரோட்டிலிருந்து நேரே மொட்டைமாடியில் கால் வைக்கலாம். அங்கிருந்து இறங்க இறங்க மூன்று மாடி. ஒவ்வொன்றும் மேலிருப்பதைவிட ஏரிப் பக்கம் தள்ளி நின்றது. எந்த அறைக் கதவைத் திறந்தாலும் எதிரே ஏரி!

டவுன் ஆபீஸ் அதிகாரி டேப்போடு வந்தார். ரோட்டுக்கு மேலே அளக்க எதுவுமே இல்லை. சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டிவிட்டு, மொட்டைமாடியில் உட்கார்ந்து டீ கேட்டார்.

தண்டாயுதபாணியோ அழகுமலையைத் தனியே கூப்பிட்டார். “நம்ம மனையிலயும் இதே மாதிரி வெரசா ஆரம்பிச்சிருங்க.”

அன்று சாயங்காலத்துக்குள் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. ரோட்டில் போன ஒரு குடும்பம் நின்று, தடுப்பே இல்லாமல் தெரிந்த ஏரியைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

ஜலாலுதீன் நெஞ்சை நிமிர்த்தினான். “ஜெயிச்சிட்டோம்க்கா! நம்மளைக் கவுக்கச் சட்டம் கொண்டுவந்தானே, இப்ப அவன் மூஞ்சியப் பாக்கணும்!”

“நல்லாப் பாத்துக்க” என்று பதுருன்னிசா அவன் பக்கம் திரும்பினாள். “தண்டாயுதபாணி நாலு மாடி எழுப்பினா, அடுத்தவரு அஞ்சு எழுப்புவாரு. ரோட்டுல போறவங்களுக்கு ஏரி ஏது? அதைத் தடுக்க இந்தச் சட்டத்தைப் போடச் சொல்லி ஆபீஸருகிட்ட நடையா நடந்தது நான்தான். ‘சட்டம் வந்தா உங்க லாட்ஜும் மாட்டும்மா’ன்னாரு. ‘மாட்டட்டும், போடுங்க’ன்னேன்.”