ஆறுகிற வரைக்கும்

அந்த அபார்ட்மென்ட்டில் புதிதாகப் போட்ட கேட், பச்சை குத்திய மணிக்கட்டுக்கு மட்டும்தான் திறக்கும். வீட்டு வேலை செய்யும் செல்லக்கனிக்குப் போன வாரம்தான் குத்தினார்கள். மேடமே களிம்பு தடவிவிட்டாள்.

"சொறியாத. ஆறுற வரைக்கும் தண்ணி படக் கூடாது. மை போச்சுன்னா கேட்டுக்கு உன்னைத் தெரியாது."

"அப்ப பாத்திரம், மேடம்?"

"பாத்துத் தேய்."

பார்த்துத்தான் தேய்த்தாள். துணி துவைத்தாள், பாத்ரூம் கழுவினாள். இன்று பொருக்கு ஊறி மையோடு உரிந்து வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பி மணிக்கட்டை நீட்டினாள். கேட் அசையவில்லை. வெளியே அவள் மகள் பள்ளிக்கூடப் பையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எட்டு வருஷமா என்னைப் பாக்குறீங்களேண்ணே," என்றாள் செல்லக்கனி வாட்ச்மேனிடம்.

"எனக்குத் தெரியும் கனி. கேட்டுக்குத் தெரியலையே."

மேடத்துக்கு போன் போட்டாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, தண்ணி படக் கூடாதுன்னு? அந்தப் புண்ணு ஆறினாத்தான் மறுபடி குத்துவாங்க. அது வரைக்கும் கீழ கார் பார்க்கிங்ல படுத்துக்க."

"வெளிய பிள்ளை நிக்குது, மேடம்."

"அதை வீட்டுக்குப் போகச் சொல்லு. நீ இப்ப சும்மாதான இருக்க, மேல வா. பாத்திரம் கெடக்கு."