உறவில்லாத கொந்தராத்துக்காரர்

"இந்த ஆளுக்குச் சொந்தக்காரர் ஆராவது இங்கை இருந்தால், இப்பவே எழும்பி வெளியிலை போங்கோ!"

பிரதேச சபைத் தவிசாளர் பொன்னம்பலம் முதல் விலைமனு உறையைப் பிரித்து, கொந்தராத்துக்காரரின் பெயரை வாசித்துவிட்டு மேசையில் ஓங்கித் தட்டினார்.

உடுப்பிட்டியிலிருந்து தொண்டைமானாறு வரை வீதியோரம் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போடுகிற வேலை. சந்நிதி கோயிலுக்கு நடந்து போகிற சனமும், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் பஸ்ஸுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற வீதி அது. வருடமோ முடிகிறது. இன்று சபைக் கந்தோர் பூட்டுவதற்குள் வேலையை யாருக்காவது கொடுக்காவிட்டால், ஒதுக்கிய காசு கொழும்புக்கே திரும்பிப் போய்விடும்.

போன முறை மதகு கட்டுகிற வேலையை மச்சானுக்குக் கொடுத்துவிட்டு, பொன்னம்பலம் ஊர் வாயில் அகப்பட்டுச் சீரழிந்தவர். "ஒரு ஆளுக்கு வேலை குடுக்கிறதை முடிவெடுக்கேக்கை அவற்றை சொந்தக்காரர் ஆரும் சபையிலை இருக்கக் கூடாதெண்டு ஒரு சட்டம் போடுங்கோவன் அப்பா" என்று வழி சொன்னவள் அவருடைய ஒரே மகள் சுபாஜினி. போட்டார். அன்று தொடக்கம் அவருடைய நடையே மாறிவிட்டது.

முதல் பெயருக்கு உறுப்பினர் பாலேஸ்வரி எழும்பினார். "எனக்கு ஒண்டுவிட்ட அண்ணை."

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழும்பினார்கள். "எங்களுக்கு பாலேஸ்வரி அக்கா பக்கத்தாலை."

இரண்டாவது பெயருக்கு மிச்சப் பேரும் எழும்பினார்கள். ஒருவருக்குச் சகலன், இன்னொருவருக்குப் பெரியம்மாவின் மருமகன். தேத்தண்ணி கொண்டு வந்த பியோன் டினேஸும் தட்டை வைத்துவிட்டு அவர்களோடு நடந்தான்.

"நீ எங்கையடா போறாய்?"

"எனக்கும் சித்தப்பா முறை ஐயா."

மூன்றாவது உறையைப் பிரித்தார் பொன்னம்பலம். பெயரைப் பார்த்தார். தானே எழும்பி வெளியே போனார். அதே மச்சான்தான்!

செயலாளர் வாகீசன் விறாந்தைக்கு ஓடி வந்தார். "ஐயா, உள்ளுக்கு இருக்க ஆளில்லை, வெறுங் கதிரையள் மட்டும்தான் இருக்கு. கதிரையளாலை கொந்தராத்துக் குடுக்கேலாது."

ஊழலை ஒழிக்கப் போய் சபையே ஒழிந்துபோனதில் பொன்னம்பலத்துக்கு அழுகை வராத குறை. காசு திரும்பிப் போனால் அடுத்த தேர்தலில் அவரும் திரும்பி வர முடியாது.

"இன்னும் ஒரு உறை கிடக்கு ஐயா. குருநகர் சிமியோன்."

எல்லோரும் உள்ளே வந்து அமர்ந்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டது. ஒருவரும் எழும்பவில்லை. பொன்னம்பலம் டினேஸைக்கூடப் பார்த்தார். அவனும் அசையவில்லை. விலையும் மற்ற மூன்றையும் விடக் குறைவு.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த சிமியோனை உள்ளே கூப்பிட்டார்கள். தடித்த கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர்.

"சிமியோன், ஒளிக்காமல் சொல்லவேணும். கரவெட்டி, உடுப்பிட்டிப் பக்கம் பெண் குடுத்தது, எடுத்தது ஏதும் இருக்கோ?"

சிமியோன் சுவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். "இந்த நிமிசம் வரைக்கும் இல்லை ஐயா. மாதாவாணை."

"அண்ணை, உவர் வேதக்காரர், நாங்கள் சைவம்" என்றார் பாலேஸ்வரி. "நீங்கள் தலைகீழாய் நிண்டாலும் உவரோடை சொந்தம் வராது."

"அதுதானே பிள்ளை எனக்கு வேணும்!" பொன்னம்பலத்துக்குச் சந்தோசத்தில் மூச்சு வாங்கியது.

"பதட்டப்படாதேங்கோ ஐயா" என்றார் சிமியோன். "மத்தியானப் பிறசர் குளிசை போட்டனீங்களே?"

போடவில்லை. சட்டைப் பையிலிருந்து குளிசையை எடுத்து ஆறிப்போன தேத்தண்ணியோடு விழுங்கினார் பொன்னம்பலம். சொந்த மச்சான் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. உறவில்லாத மனிதருக்கு எவ்வளவு கரிசனை! அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பேனையை எடுத்தபோது மகளின் ஞாபகம் வந்தது. காலையில் புதுச் சேலை உடுத்து, சைக்கிளை வெளியே எடுக்க முதல் அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். "இண்டைக்கு உங்கடை அலுவல் நல்லபடி முடியோணும் அப்பா" என்றவளின் குரல் தழுதழுத்தது. ஒரு சைக்கிள் பாதைக்காக இப்படி உருகுகிற பிள்ளையைப் பெற்ற பெருமையோடு கையெழுத்து வைத்தார்.

சபை கை தட்டியது. "காசு தப்பிச்சுது!" என்று வாகீசன் கத்தியே விட்டார். சிமியோன் ஒரு மூலைக்குப் போய், "ஐயா வைச்சிட்டார்" என்று மட்டும் போனில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. கேட்டவரின் முகம் மலர்ந்தது. நேரே வந்து பொன்னம்பலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்ன சிமியோன், வேலையாக்களுக்கு அறிவிச்சாச்சோ?"

"இல்லை, பதிவுக் கந்தோரிலை நிக்கிற என்ரை மகன் றஜிந்தனுக்கு அறிவிச்சனான். 'அப்பான்ரை சட்டம் உடையக் கூடாது, அவர் கையெழுத்து வைக்கும் வரைக்கும் நான் பேனையைத் தொடமாட்டன்' எண்டு சுபாஜினிப் பிள்ளை காலமை தொட்டு அங்கை காத்துக்கொண்டு நிண்டவ, சம்மந்தி!"