கலந்து பேசிட்டுச் சொல்றோம்

கணினியில் அந்த நிரலை மறுபடியும் ஓடவிட்டாள்.

திரை கேட்டது: மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள்?

'சரி' என்று தட்டினாள்.

'கல்யாணம்' என்று வந்தது.

இன்னொரு முறை ஓடவிட்டு, 'வேண்டாம்' என்று தட்டினாள்.

'கோயம்புத்தூர்' என்று வந்தது.

நிரல் சரியாகத்தான் இருக்கிறது. வேலை தருவதாகச் சொன்ன கோயம்புத்தூர் கம்பெனி முன்கூட்டியே அனுப்பி வைத்த முதல் பாடம் இது. ஒரு கேள்வி கேள். வரும் பதிலைப் பொறுத்து ஒரு வழியில் போ. உதாரணம் எதுவாகவும் இருக்கலாம் என்று போட்டிருந்தது.

அவளிடம் இருந்தது ஒரே உதாரணம். அப்பா கொடுத்தது.

"சரின்னா கல்யாணம். வேணாம்னா கோயம்புத்தூர். இதுல என்னம்மா கொழப்பம்?"

குழப்பமே இல்லை. வேதியியல் படித்துவிட்டு நேற்றுத்தான் நிரல் எழுதத் தொடங்கியவள், அதை ஐந்தே வரியில் எழுதி முடித்துவிட்டாள்.

வேலையில் சேர்கிறாளா இல்லையா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கெஞ்சித் தள்ளிப்போட்டு வாங்கிய கெடு. தவறினால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

மணி நாலரை.

மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை, அவர்கள் உண்மையில் சொன்னதை எழுத்து மாறாமல் தட்டினாள்.

'கலந்து பேசிட்டுச் சொல்றோம்.'

திரையில் ஒன்றும் வரவில்லை.

பிழை என்றுகூட வரவில்லை.

பிழை என்றால் சிவப்பில் வரும். எந்த வரியில் தப்பு என்று காட்டும். திருத்திக்கொள்ளலாம். இங்கே தப்பே நடக்கவில்லை. நிரல் முதல் நிபந்தனையைப் பார்த்தது. பதில் 'சரி'யா? இல்லை. அடுத்ததற்கு இறங்கியது. 'வேண்டாம்' என்பதா? அதுவும் இல்லை. அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. சொல்ல ஒன்றுமில்லாமல் வெளியே போய்விட்டது.

மிக மரியாதையாக. அவர்கள் போனதுபோலவே.

கார்த்திகையில் சிவகாசியிலிருந்து வந்தார்கள். சாத்தூர் காராச்சேவைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை தன் காபி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் வைத்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே அவன் அம்மா அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னார்.

இப்போது மாசி.

தரகர் பொன்னுராமுவைக் கேட்டால், "நல்லாத்தாம்மா பேசுறாக" என்கிறார். நல்லா என்றால் என்ன என்று கேட்டால், "நல்லான்னா நல்லாத்தான்" என்கிறார்.

போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா ஈரக்கையோடு ஓடுகிறாள். கேஸ் சிலிண்டர்க்காரர். சித்தி. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண். அந்தப் பெண்ணிடம்கூட அம்மா ஒரு நிமிடம் தன்மையாகப் பேசிப் பார்த்தாள்.

வேண்டாம் என்றாவது சொல்லித் தொலைக்கலாம்.

பாடத்தின் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

எல்ஸ். இல்லையென்றால்.

இப்படியென்றால் என்று தொடங்கும் இஃபுக்குப் பக்கத்தில் ஒரு நிபந்தனை எழுத வேண்டும். எல்ஸுக்குப் பக்கத்தில் எதுவும் எழுத வேண்டாம். ஒரு முக்காற்புள்ளி போதும். மேலே எதிலும் பொருந்தாதவை எல்லாம் அதற்குள் வந்து விழும். மழுப்பல், இழுத்தடிப்பு, ஒன்றுமே தட்டாமல் விட்ட வெற்றிடம், எல்லாமே. அது யாரையும் எதுவும் கேட்பதில்லை.

இவ்வளவுதானா?

எல்ஸ் என்று அடித்தாள். முக்காற்புள்ளி வைத்தாள். அடுத்த வரியில் சற்று உள்தள்ளி, திரையில் வரவேண்டிய சொல்லை எழுத வேண்டும்.

அங்கே விரல் நின்றது.

அவளிடம் இருந்தவை இரண்டு சொற்கள்தான். ஒன்றை எழுதினாள்.

ஓடவிட்டாள். கலந்து பேசிட்டுச் சொல்றோம்.

கோயம்புத்தூர்.

மின்னஞ்சலைத் திறந்தாள். 'சேர்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினாள். உறுதிதானா என்று கேட்டது. அதையும் அழுத்தினாள். வாழ்த்துகள், திங்கட்கிழமை காலை வந்து சேரவும் என்று உடனே பதில் வந்தது. கேட்டதற்கு யாரோ உடனே பதில் சொன்னது அவளுக்கு விநோதமாக இருந்தது.

கூடத்தில் போன் அடித்தது.

அம்மா ஓடும் சத்தம். "ஆமா. ஆமாங்க. சொல்லுங்க." குரல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏறியது. அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"ஏடி! சரின்னுட்டாகடி! சித்திரையிலயே வச்சுக்கலாங்கிறாக!"

அவள் திரையைப் பார்த்தாள். ஒரு கிளைக்குள் நுழைந்துவிட்ட நிரல், மேலே ஏறிப்போய், தாண்டி வந்த நிபந்தனைகளை மறுபடி பார்ப்பதில்லை. அது பிடிவாதம் அல்ல. அப்படித்தான் அது வேலை செய்கிறது.

அம்மா அறை வாசலில் மூச்சு வாங்க நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, பெரிய பெட்டி பரண்லதான இருக்கு?"

"பெட்டிக்கு இப்ப என்னடி அவசரம்? இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு."

அவள் அதற்குள் பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தாள்.