முன்னால் போன படகு

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவருக்கும் அவர் மனைவிக்கும் இப்போது பாய்மரப் படகுதான் வீடு. கடலோரக் கால்வாயில் ஆற அமரப் போய்க்கொண்டிருந்தார்கள். படகுக்கு வழிவிட முதல் பாலத்தைத் தூக்கிவிட்ட ஊழியர் மேலிருந்து கேட்டார்.

"காலையிலதானே போனீங்க?"

"அது வேற படகா இருக்கும்."

"இதே படகுதான் சார். அம்மா கைகூட காட்டினாங்க."

இரண்டாவது பாலத்திலும் அதையே சொன்னார்கள்.

"நமக்கு முன்னாடியே நாம போயாச்சா? அப்போ வழி சரிதான்" என்று மனைவி சிரித்துவிட்டு, தேநீர் போட உள்ளே போனாள்.

மூன்றாவது பாலத்தில் அவரே கேட்டார். "எங்க படகு போச்சா?"

"போச்சு சார். அம்மா தனியா ஓட்டிட்டுப் போனாங்க."

வெயில் இதமாக இருந்தது. காற்றும் தோதாக வீசியது. தேநீரோடு வந்தவளிடம், அதுவரை யாருக்கும் கொடுக்காத சுக்கானை நீட்டினார்.

"இந்தா, பிடிச்சுப் பழகு. பக்கத்துலதான் இருக்கேன்."