கூட வந்த ஒரு ரூபாய்

திரையில் ஒன்றே ஒன்று மிஞ்சி நின்றது.

காலையில் இருநூற்றுப் பதினேழு இருந்தன. எந்தப் பிள்ளைக்குக் கட்டிய ஃபீஸ் என்று தெரியாமல் பள்ளிக்கூடக் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தவை. கணக்கு எழுதும் அவள் ஒரு மாதம் மாரடிக்கிற வேலை. புதிதாக வந்த ஏஐ, டீ ஆறுவதற்குள் இருநூற்றுப் பதினாறுக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்டது.

கெட்டிக்காரப் பிசாசு.

ஒன்றும் மிஞ்சாத நாளில் அவளுடைய நாற்காலிக்கும் வேலையில்லை என்று தாளாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மிஞ்சியது 14,501 ரூபாய். அனுப்பியவர் நெல்லூரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் யாரோ.

அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லாரி டிரைவர் செங்கோடன். ஏழாம் வகுப்பு பவதாரிணியின் அப்பா. ஃபீஸ் என்னவோ பதினான்காயிரத்து ஐந்நூறுதான். போகிற வழியில் யார் போன் கிடைக்கிறதோ, அவரிடம் காசைக் கொடுத்து அனுப்பச் சொல்வார். ஒரு ரூபாய் மட்டும் தவறாமல் கூட வரும்.

ஏன் என்று ஒருமுறை கேட்டாள்.

"புள்ள படிப்புக்கு மொட்டையாக் கட்டக் கூடாதுங்க. ஒத்த ரூவா சேர்த்துக் கட்டுனாத்தானுங்க மேல மேல வரும்."

பவதாரிணியின் பெயரை எழுதினாள். இயந்திரம் விடவில்லை. எப்படித் தெரியும் என்று ஒரு கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. சொல்லிக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை அதுவே பார்த்துக்கொள்ளுமாம்.

'அப்பா போனில் சொன்னார்' என்று ஒரு பொய் எழுதினால் போதும். நாற்காலி தப்பிக்கும்.

'அப்பா' வரைக்கும் அடித்துவிட்டாள்.

போன வருடம் டைபாய்டில் அவள் பத்து நாள் படுத்துக்கிடந்தாள். அந்தப் பத்து நாளும் பவதாரிணி வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். அந்த ஒரு ரூபாயை அடையாளம் காண ஆளில்லாமல், ஃபீஸ் கட்டாத பிள்ளையாம். பிறகு பார்த்தபோது அந்தப் பெண் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இன்னும் வலிக்கிறது அது.

அழித்தாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள். யார் போனிலிருந்து வந்தாலும் சரி, ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தால் செங்கோடன்.

மிச்சம்: 0.

நன்றி என்றது இயந்திரம்.

அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மகளுடைய கல்லூரி ஃபீஸுக்கு இன்றுதான் கடைசி நாள்.

38,000 என்று அடித்தாள்.

அந்தக் கல்லூரியிலும் கணக்குப் பார்க்க யாராவது ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

கடைசிச் சுழியை அழித்துவிட்டு ஒன்று போட்டாள்.